பேரூராட்சி நகராட்சியானால் மதுக்கடைக்கான தூர விதி மாறுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் பேரூராட்சியில் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை ஒப்பந்தப்புள்ளியில் எடுத்து, தின்பண்டம் விற்றும் காலி பாட்டில் சேர்த்தும் தொழில் செய்து வருகிறேன். கடை மாநில நெடுஞ்சாலையிலிருந்து ஏறத்தாழ 230 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரின் மக்கள்தொகை 20,000-க்குள் இருந்ததால் 2017-இல் கடை தப்பியது. இப்போது பக்கத்து ஊராட்சிகளைச் சேர்த்து நகராட்சியாக்கப் போவதாகப் பேச்சு. மக்கள்தொகை கூடினால், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற விதி எங்கள் மேல் பாயுமா? கடையிலிருந்து 70 மீட்டரில் ஒரு மழலையர் பள்ளியும் தொடங்கியிருக்கிறார்கள்.

மறுமொழி 1:
தங்கள் அச்சம் தலைகீழானது ஐயா. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று 500 மீட்டர் தடை விதித்த உச்ச நீதிமன்றம், 2017 மார்ச் 31 அன்று மக்கள்தொகை 20,000 வரையுள்ள ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், சண்டிகர் தொடர்பான வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கிவிட்டது. எனவே நகராட்சியானால் நெடுஞ்சாலைத் தடை தளருமே தவிர இறுகாது.

மறுமொழி 2:
பள்ளி விஷயமும் அப்படித்தான். 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். பேரூராட்சிக் கணக்கில் குறைவான 70 மீட்டர், நகராட்சியில் போதுமானதாகிவிடும். ஊர் வளர வளரப் பள்ளிக்கூடத்துக்கு அருகில் மதுக்கடை வரலாம் என்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

மறுமொழி 3:
நகராட்சி அறிவிப்பு வரும்வரை 220 மீட்டரையே கணக்கில் கொள்வது பாதுகாப்பு என்பதால் அளவில் கவனம் தேவை. தூரத்தைச் சாலையின் வெளிவிளிம்பிலிருந்து, சர்வீஸ் ரோடு இருந்தால் அதன் விளிம்பிலிருந்து, அளக்க வேண்டும். நாங்கள் வெள்ளைக் கோட்டிலிருந்து டேப் பிடித்து 226 என்று நிம்மதியாக இருந்தோம். அதிகாரிகள் வந்து சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் டேப்பை வைத்ததும் அது 214 ஆயிற்று. மேலும், தூரம் சரியாக இருந்தாலும் கடை நிலைக்கும் என்று எண்ண வேண்டாம். 2023 ஜூனில் 500 கடைகளை அரசு தன் முடிவாலேயே மூடியது. கடை போனால் பாரும் போகும். கட்டிய வைப்புத்தொகை திரும்ப வருமா என்பதை ஒப்பந்த நிபந்தனைகளில் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.