4 வயதுப் பையனுக்கு ஹெட்போனில் இசை கேட்கும் 10 நாள் பயிற்சி: சேர்க்கலாமா?

மல்லிப்பூ_அம்மா
பையனுக்கு 4 வயது 2 மாதம். ஆட்டிசம் உறுதியாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு சொல் பேசுவான். மிக்ஸி, குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி மூன்றுக்கும் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் பாட்டு போட்டால் அசையாமல் உட்கார்ந்து கேட்பான். ஒரு சென்டரில் 10 நாள், தினம் இரண்டு வேளை, வேளைக்கு அரை மணி நேரம் ஹெட்போனில் ‘மாற்றியமைத்த’ இசை கேட்க வைத்தால் சத்தக் கூச்சம் போய்ப் பேச்சும் வரும் என்கிறார்கள். அதுவரை ஓ.டி. (அன்றாடச் செயல்திறன் பயிற்சி), ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி) இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? இல்லை, வீட்டிலேயே பாட்டு வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

ஆடியோ_திருச்சி
நீங்கள் சொல்லும் கணக்கைப் பார்த்தால் இது பிரான்ஸின் காது மருத்துவர் கி பெரார் வகுத்த முறை. மொத்தம் 10 மணி நேரம். பாட்டின் தாழ்ந்த, உயர்ந்த ஸ்தாயிகளை மாறி மாறி வெட்டி ஒலிக்க விடுவார்கள். இந்த வகைப் பயிற்சிகளின் ஆய்வுகளை 2011-ல் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பின் அறிக்கை) அலசியது. பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு. இதற்காக ஸ்பீச்சை நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் கேட்புத் திறனைச் சோதித்தாகிவிட்டதா? காதைப் பொத்துகிற பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. காதில் அழுக்கு அடைப்பு, நடுக்காதில் நீர், இரண்டையும் பார்க்க வேண்டும். ஓ.ஏ.இ. (உள்காது சத்தத்துக்குத் தரும் பதிலை அளக்கும் சோதனை), தேவைப்பட்டால் தூக்கத்தில் பெரா டெஸ்ட் (BERA, காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளப்பது). அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் (DEIC) கேளுங்கள்.

சென்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை டெசிபலில் வைப்பீர்கள்? குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அப்படியானால் 85 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அவர்கள் திட்டப்படி முதல் வாரமே 7 மணி நேரம் ஆகிவிடும். கடையில் ‘85 டெசிபல் வரம்பு’ என்று விற்கும் குழந்தை ஹெட்போனுக்கும் இதே கணக்குதான்.

தாளம்_மதுரை
இசை *கேட்பது* வேறு, தெரபிஸ்ட் பிள்ளையோடு சேர்ந்து இசைப்பது வேறு. சேர்ந்து இசைக்கும் முறையைத்தான் ஆய்வாளர்கள் இசைத் தெரபி என்கிறார்கள். அதையும் மிகைப்படுத்த வேண்டாம். 9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், இசைத் தெரபி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் 5 மாதத்துக்குப் பிறகு சமூகத் தொடர்புக் குறியீட்டில் வித்தியாசம் தெரியவில்லை. 2022 காக்ரேன் மதிப்பாய்வோ 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உதவக்கூடும் என்கிறது. பாட்டு கேட்டால் பேச்சு வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நீலாம்பரி தூங்க வைக்கும், இந்த ராகம் அந்த நோய்க்கு என்று வரும் வாட்ஸ்அப் பட்டியலையும் ஓரமாக வையுங்கள். தூங்க வைக்க, மெதுவான, திடீர்த் திருப்பம் இல்லாத பாட்டு எதுவானாலும் உதவலாம்.

வீட்டில் செய்யலாம். ஹெட்போன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் போதும், பேசும் குரலைவிடக் குறைவான சத்தத்தில். போனில் பாட்டை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். நடுவில் விளம்பரம் அலறினால் ஒரு வார உழைப்பு வீண். திரையைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அவன் கேட்பது பாட்டையல்ல, பார்ப்பது படத்தை.

5 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. எதிரே தரையில் உட்காருங்கள். நீங்களே பாடினால் இன்னும் நல்லது, ஸ்ருதி பிசகினாலும் பிள்ளைக்குப் பரவாயில்லை. “வாளி நிறையத் தண்ணி, குளிக்கப் போறான் கண்ணன்” என்று நாலு வரி கட்டி, குளிக்கும் நேரத்துக்கு மட்டும் பாடுங்கள். ஒரு வாரம் முழுசாய்ப் பாடிவிட்டு, பிறகு கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு 5 முதல் 10 விநாடி அவன் முகத்தைப் பாருங்கள். பார்வை, அசைவு, அரைச் சொல், எது வந்தாலும் உடனே பாட்டைத் தொடருங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: இரண்டு விநாடியில் பொறுமையிழந்து தாங்களே சொல்லிவிடுவார்கள், அல்லது “சொல்லு, சொல்லு” என்று நச்சரிப்பார்கள்.

நாள் முழுக்கப் பின்னணியில் பாட்டு ஓடவே கூடாது. உங்கள் பேச்சும் அதில் கரைந்து போகும்.

ஓடி_கோவை
மிக்ஸிக்குத் தனி வழி. அதன் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, அவன் காதைப் பொத்தாத அளவுக்குக் குறைத்து, பட்டனை அவன் கையில் கொடுங்கள். 10 விநாடி போதும். இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்தால் ஒரு படி ஏற்றுங்கள். முகம் சுளித்தால் ஒரு படி இறங்குங்கள், அழும்வரை போகாதீர்கள். பிறகு நிஜ மிக்ஸி: அவன் அடுத்த அறையில், “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லிவிட்டு 3 விநாடி. எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாததும் பயமுறுத்துகிறது.

காது மூடி தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் போட்டால் சாதாரணச் சத்தமே தாங்க முடியாமல் போகலாம்.

மல்லிப்பூ_அம்மா
நன்றி. பெராவுக்கு நாள் வாங்குகிறேன். ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறான், மாற்றினால் ஒரே அழுகை. வழக்கத்தை உடைக்க வேண்டுமா?

தாளம்_மதுரை
பிடுங்காதீங்கம்மா. அந்தப் பாட்டுதான் உங்களுக்குக் கிடைத்த பிடி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அதே பாட்டு உங்கள் குரலில், பிறகு கொஞ்சம் மெதுவாக, பிறகு அவன் பெயரை ஒரு சொல்லுக்குப் பதிலாகச் சேர்த்து. புதுப் பாட்டு வேண்டுமென்றால் பழைய பாட்டுக்கு முன்னால் 20 விநாடி மட்டும். முடிந்ததும் அவன் பாட்டு கட்டாயம் வர வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், தினம் ஒரே நேரத்தில் 10 நிமிடம், எத்தனை தடவை தானாக உங்களைப் பார்க்கிறான், எத்தனை தடவை கேட்டு வாங்குகிறான் என்று காலண்டரில் கோடு போடுங்கள். ஆறு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். கோடு ஏறவில்லை என்றால் அந்தக் காலண்டரை ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டி முறையை மாற்றச் சொல்லுங்கள்.