ஓலைப் பாயில் விரிந்த பை

மண்டபத்திலிருந்து:

விகிதமுறா எண்களின் (பின்னமாக எழுத முடியாத, தசம இலக்கங்கள் சுழலாமல் முடிவின்றிச் செல்லும் எண்களின்) தசம இலக்கங்களில் ஏதோ ஓர் ஒழுங்கைக் கண்டு வியந்தவர்களும், கண்டதாக நினைத்து ஏமாந்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் பை (π) அத்தகைய ஓர் எண்; ஆனால் பள்ளியில் அதன் மதிப்பு 22/7 என்றே சொல்லித் தந்தார்கள். அதை வகுத்து, 3.142857142857 என்று 142857 மீண்டும் மீண்டும் வருவதைப் பார்த்த நான், பை ஒரு முடிவுறாச் சுழல் தசமம் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன என்பதை யாரும் சொல்லவில்லை.

சாயல்குடிப் பக்கத்திலிருந்து:

ஐயா, அந்த வேறுபாடு எனக்கு விளங்கியது பாய் முடையும்போதுதான். என் அம்மா பனங்குருத்தோலையில் பாயும் பெட்டியும் முடைபவர். ஒற்றைப்படை இலக்கத்துக்குச் சிவப்புச் சாயமிட்ட கீற்று, இரட்டைப்படைக்கு வெள்ளைக் கீற்று என்று பேசிக்கொண்டு, 22/7-இன் தசம இலக்கங்களை நான் வாசிக்க வாசிக்க அவர் அடுக்கினார். முதலில் ஒரு சிவப்பு, பிறகு மூன்று வெள்ளை, மூன்று சிவப்பு, மறுபடியும் மூன்று வெள்ளை. பத்துக் கீற்று ஆனதும், "இனி நீ வாசிக்க வேணாம், எனக்கே தெரியும்" என்றார். 142-ஐயும் 857-ஐயும் கூட்டினால் 999 வருகிறது. 1-க்கு 8, 4-க்கு 5, 2-க்கு 7 என ஒவ்வோர் இணையும் ஒன்பதாவதால், ஒன்று ஒற்றையென்றால் மற்றது இரட்டையாகத்தான் இருக்க முடியும். நிறம் மாறியே தீரும் என்பது அன்றிரவு எழுதிப் பார்த்தபோது புரிந்து, நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் உண்மையான பை. பதினெட்டாம் இடத்திலிருந்து 8, 4, 6, 2, 6, 4 என்று ஆறு வெள்ளைக் கீற்றுகள் ஒன்றாக வந்து விழுந்தன. அம்மா கையை நிறுத்திவிட்டார். "எங்கயோ தப்பா வாசிச்சுட்ட, தாயி. திரும்பப் பாரு." பார்த்தேன், சரியாகவே இருந்தது.

தொண்டியிலிருந்து:

அம்மாவின் சந்தேகம் மதிக்கத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஷாங்க்ஸ் என்பவர் கையாலேயே கணக்கிட்டு, 1873-இல் பையை 707 தசம இடம் வரை வெளியிட்டார். அவருடைய இலக்கங்களில் 7 மட்டும் வர வேண்டிய அளவுக்கு வரவில்லை என்பதை டி மார்கன் என்ற கணித அறிஞர் ஏற்கெனவே கவனித்திருந்தார். 1940-களில் ஃபெர்குசன் என்பவர் மறுபடி கணக்கிட்டபோதுதான், 528-ஆம் இடத்திலிருந்து ஷாங்க்ஸ் தவறியிருந்தது வெளிப்பட்டது. ஆனால் ஆறு வெள்ளை அப்படிப்பட்டதன்று. ஒற்றையும் இரட்டையும் சமமாகக் கலந்திருந்தால், குறிப்பிட்ட ஓரிடத்தில் ஆறு இரட்டை தொடர்ந்து வரும் வாய்ப்பு அறுபத்து நான்கில் ஒன்று. முப்பது கீற்றுக்குள் அது எங்காவது தென்படுவதில் வியப்பில்லை. என்னை உண்மையாகவே திகைக்க வைத்தது 762-ஆம் இடத்தில் தொடங்கும் 999999. அதைத் திரையில் கண்டபோது கணினி நிரலில்தான் பிழை என்று எண்ணி மூன்று முறை ஓட்டினேன்.

சாயல்குடிப் பக்கத்திலிருந்து:

அம்மா அன்று கேட்ட இன்னொரு கேள்வியை எழுத மறந்துவிட்டேன். "எத்தனை கீற்றுக்குச் சாயம் காய்ச்சணும்?" பையின் இலக்கங்களில் ஒற்றையும் இரட்டையும் முடிவில்லாமல் போகும்போது சரிபாதியாக அமையும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஏறத்தாழ எல்லா எண்களுக்கும் இந்தச் சமநிலை உண்டென்று 1909-இல் எமில் போரெல் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிறுவினார். பைக்கு உண்டென்று இன்றுவரை எவரும் நிறுவவில்லை. நூறு கீற்று போதும் என்று முடிவு செய்து, பாதிக்குப் பாதி ஐம்பதுக்குச் சாயமிட்டோம். பாய் முடிந்தபோது சிவப்பு 49, வெள்ளை 51. மிஞ்சிய ஒரு சிவப்புக் கீற்றை அம்மா பாயின் மூலையில் செருகி வைத்திருக்கிறார்.