சமதரையில உழக்கிற நாங்கள் றம்பொடை ஏறலாமோ? கண்டி – நுவரெலியா றூட்

கோண்டாவில்_றைடர்:
வணக்கம் அண்ணையவை. நான் யாழ்ப்பாணத்தில றோட் பைக் ஓடுறனான், பண்ணை தாண்டி ஊர்காவற்துறை, இடைக்கிட ஆனையிறவு மட்டும் போய் வாறது, 80 கிலோமீற்றர் ஓடுறதில பிரச்சினை இல்லை. இப்ப மூண்டு பேர் சேந்து மலைநாட்டுப் பக்கம் போவம் எண்டு கதைச்சுக்கொண்டு இருக்கிறம், கண்டியில வெளிக்கிட்டு கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, அடுத்த நாள் வெலிமடை இறங்கி பண்டாரவளை, ஏலுமெண்டா எல்ல. என்ர சைக்கிள் பழைய றேஸ் சைக்கிள், 9 ஸ்பீட் ஷிமானோ, பல்லு முன்னுக்கு 53/39, பின்னுக்கு 11-25, றிம் பிறேக் (சில்லு விளிம்பில பிடிக்கிறது). எங்கட ஊரில ஏத்தமெண்டு சொல்ல என்ன கிடக்கு, சங்குப்பிட்டிப் பாலத்தில ஏறினா அதுதான் மலை. இந்தக் கியரோட ஏலுமோ, எந்த மாசம் நல்லம், சைக்கிளை என்னெண்டு கொண்டு போறது? அம்மா வேற "பஸ்ஸில போனாலே சத்தி வாற றோட்டில உனக்கென்ன சைக்கிள்" எண்டு ஒரே பேச்சு.

பழைய_செயின்:
தம்பி, றூட் நல்ல றூட். கியர்தான் சரிவராது.

றம்பொடை செங்குத்தெண்டு ஆக்கள் பயப்பிடுத்துவினம், அப்பிடி ஒண்டும் இல்லை. ஆனா ஏத்தம் முடிஞ்சு துலையாது, போய்க்கொண்டே இருக்கும், அதுதான் வில்லங்கம். கண்டி கடல்மட்டத்தில இருந்து 500 மீற்றர் போல, நுவரெலியா 1868, றோட்டால 77 கிலோமீற்றர் அளவு. கம்பளை மட்டும் கதைச்சுக் கதைச்சுப் போகலாம். றம்பொடை நீர்வீழ்ச்சி 950 மீற்றர் கிட்ட வரும், அதில நிண்டு படம் எடுத்துப்போட்டு வெளிக்கிட்டா இன்னும் ஆயிரம் மீற்றருக்குக் கிட்ட ஏற இருக்கு.

இப்ப கணக்கைப் பாருங்கோ. 39/25 இல ஒருக்கா பெடல் சுத்தினா சைக்கிள் 3.3 மீற்றர் போகும், நிமிசத்துக்கு 60 சுத்தெண்டா 12 கிலோமீற்றர் வேகம். ஏத்தத்தில மணிக்கணக்கா 12 இல பிடிக்க ஏலாத ஆள் 50, 40 சுத்துக்கு இறங்கிப்போவார், பேந்து முழங்கால் போச்சு. பின்னுக்கு 32 பல்லு இருந்தா அதே 60 சுத்துக்கு 9 கிலோமீற்றர் போதும். உங்கட கிராங்கில (பல்லுச்சக்கரம் பூட்டிற ஆணி வட்டம் 130 மில்லிமீற்றர் எண்டா) 38 க்குக் கீழ சின்னப் பல்லுச்சக்கரம் பூட்டேலாது, கிராங்கை மாத்தக் காசு, ஆனபடியா பின்பக்கத்தை மாத்துங்கோ. 11-32 கசெற் (பின் பல்லுச்சக்கரக் கட்டு), அதோட மவுன்ரன் பைக்கில வாற, செயினை மாத்திற நீளக் கைப் பின் கியர் ஒண்டு, 9 ஸ்பீட் ஷிமானோவெண்டா உங்கட கியர் லீவரோடயே வேலை செய்யும். செயினும் நீளமா வேணும், பழைய செயினை அப்பிடியே போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் பெரிய பல்லுக்கு மாத்தினியளெண்டா கியரையே பிச்சுக்கொண்டு போகும்.

எதிர்க்காத்துக்கு உழக்கின கால்தானே எண்டு நம்பி வராதேங்கோ. காத்துக்கு குனிஞ்சு தப்பலாம், வேகத்தைக் குறைச்சா அதுவும் குறைஞ்சிடும். மலையில குனிஞ்சாலும் நிமிந்தாலும் பாரம் பாரம்தான். ஆனாலும் சோளகம் அடிக்கேக்க புங்குடுதீவுத் தாம்போதியில சீற்றை விட்டு எழும்பாம பெரிய கியரில உழக்கிப் பழகுங்கோ, ஒண்டுமில்லாததுக்கு அது நல்லது.

நானுஓயாக்காரன்:
வணக்கங்க, நான் இந்தப் பக்கத்து ஆளு. மேல சொன்னதெல்லாம் சரி, ஒன்னு ரெண்டு சேத்துக்கிறேன்.

கம்பளையில இருந்து விடியக்காலை வெளிச்சம் வந்த உடனே கெளம்பிருங்க. மத்தியானம் தாண்டுனா லபுக்கலைப் பக்கம் மிஸ்ட் எறங்கிரும், முன்னால போற லொறி லைட்டு மட்டும்தான் தெரியும். லீக்ஸ், கேரட் ஏத்திக்கிட்டு தம்புள்ளைக்கு எறங்குற லொறிங்க வளைவுல முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், நீங்க எடது ஓரத்துல ஒட்டியே இருங்க, பள்ளத்தைப் பாக்கிற ஆசையில நடுவுல வந்துராதீங்க. றம்பொடையில ஒரு டனல் இருக்கு, இருநூறு மீட்டருக்கு மேல நீளம், பின்னால செகப்பு லைட்டு இல்லாம உள்ள போகவே போகாதீங்க. தோட்டத்துத் தண்ணி ரோட்டுக்கு குறுக்கால ஓடுற எடத்துல பாசி இருக்கும், வெயில் படாத வளைவுன்னா இன்னும் மோசம். ஏறுறப்ப அது தெரியாது, எறங்குறப்ப தெரியும்.

மாசம்னா பெப்ரவரி, மார்ச். மே மாசம் தொடங்குனா தென்மேல் மழை றம்பொடை, ஹட்டன் பக்கம் புடிச்சுக்கும், வருசக் கடைசியில வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மழை. ஏப்ரல் சீசன்ல வரவே வேணாம், நுவரெலியா டவுனே வாகனத்துல அடைச்சிரும். இன்னொன்னு, 2025 நவம்பர் டித்வா புயல்ல இங்க எத்தனையோ எடத்துல மண்ணு சரிஞ்சிருச்சு, அதனால வர்றதுக்கு முந்தின நாள் யார்கிட்டயாவது ரோட்டைக் கேட்டுட்டு வாங்க. பெப்ரவரியிலயும் காலையில புல்லு மேல உறைபனி கெடக்கிற நாள் உண்டு, எறங்குறப்ப கை வெறைச்சா பிரேக் புடிக்க முடியாது, கையுறை கட்டாயம்.

மாத்தளை_மச்சான்:
நுவரெலியா எல்லாரும் போற இடம்டா. யாழ்ப்பாணத்தில இருந்து ஏ9 ஆல வாற உங்களுக்கு மாத்தளைதானே முதல் வாறது, அதில இறங்கி ரத்தோட்டையால ரிவர்ஸ்டன் ஏறுங்கோ, 30 கிலோமீற்றர் போலதான், பஸ் குறைவு, லொறி இல்லை, மேல நிண்டா நக்கிள்ஸ் மலைத்தொடர் முழுக்கத் தெரியும். காத்து மட்டும் ஆளைத் தள்ளும், அது உங்களுக்குப் பழக்கம்தானே ஹிஹி

பழைய_செயின்:
மச்சான் சொல்லுறது வடிவான இடம்தான், ஆனா முதல் மலைக்கு அது வேண்டாம். றோட்டு ஒடுக்கம், றம்பொடையை விடச் சரிவு கூட, மாத்தளைக்குத் திரும்பிறதெண்டா ஏறின றோட்டாலயே இறங்கவும் வேணும். மஹியங்கனைப் பக்கத்து 18 வளைவும் அப்பிடித்தான், பேந்தொரு நாளைக்குப் பாப்பம்.

இறக்கத்தைப் பற்றி ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லை. ஏத்தத்தில ஏலாட்டி இறங்கித் தள்ளலாம், இறக்கத்தில ஏலாட்டி எங்க போறது? சீதா எலிய, ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்கேக்க பிறேக்கை இறுக்கிப் பிடிச்சபடி வராதேங்கோ, றிம் சூடாகி ரியூப் வெடிக்கும். வளைவுக்கு முந்தி நிமிந்திருந்து ரெண்டு பிறேக்கும் சேத்து நல்லாப் பிடிச்சு வேகத்தைக் குறை, பேந்து முழுசா விடு, வளைவுக்குள்ள பிடிக்காதை. இடையில நிப்பாட்டி றிம்மில விரலை வைச்சுப் பாருங்கோ, வைச்சிருக்க ஏலாம விரல் துள்ளினா ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போகலாம். மழையெண்டா றிம்மில தண்ணி வழிச்செடுபட்ட பிறகுதான் பிறேக் பிடிக்கும், அதுக்கேத்த மாதிரி முந்தியே பிடிக்கோணும். வெளிக்கிட முதல் பிறேக் கட்டையும் புதுசாப் போடுங்கோ. எல்லயில இருந்து வெல்லவாயவுக்கு இறங்கிற எண்ணம் இருந்தா அதுவும் நீள இறக்கம்தான், இறங்கினா ஏறோணும் எண்டதையும் யோசியுங்கோ.

கோண்டாவில்_றைடர்:
எல்லாருக்கும் கனக்க நன்றி. அப்ப 11-32 தான் போடப்போறன். பெப்ரவரி கடைசி எண்டு வைச்சிருக்கிறம். சைக்கிள் கொண்டு போற விசயம் ஒருத்தரும் சொல்லேல்லையே?

நெல்லியடி_77:
ரெண்டு வழி. கோச்சியில பார்சலாப் போடலாம், கொழும்புக் கோச்சியில போய் பொல்காவலையில இறங்கி கண்டிக் கோச்சிக்கு மாறோணும், ஸ்ரேசனில முதல் நாளே போய்க் கேளுங்கோ, சைக்கிளும் உங்களோட அதே கோச்சியில வருமோ எண்டு. இல்லாட்டி இரவு கண்டி பஸ், கொண்டக்டரோட முதலே காசு கதைச்சு பின் பெட்டிக்க. பஸ்ஸெண்டா ரெண்டு சில்லையும் கழட்டி, பின் கியரைக் கழட்டி துணி சுத்தி பிறேமுக்கு உள்பக்கமாக் கட்டுங்கோ, செயினில தொங்கட்டும் பறவாயில்லை. அதுக்கு மேல ஆரும் வெங்காய மூட்டையைப் போட்டா கியர் பூட்டிற காது வளையும், வளைஞ்சா பெரிய பல்லுக்கு மாத்தேக்க கியர் போய்ச் சில்லுக் கம்பிக்குள்ள மாட்டும். புதுக் காது ஒண்டும் கையில வைச்சிருங்கோ, உங்கட பிறேமுக்குச் சரிவாறது கண்டியில தேடி எடுக்கேலாது.