மறு: வீல் ட்ரூயிங்குக்குச் சொல் – ‘கோட்டம் எடுத்தல்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நெடும்பயண பைக் கையேட்டின் சொற்பட்டியலில் வீல் ட்ரூயிங்குக்கு, அதாவது கோணி ஓடும் ரிம்மைச் சரிசெய்யும் வேலைக்கு, ‘சக்கர நேராக்கம்’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. இங்கே தண்டையார்பேட்டையில் பழைய சைக்கிள் கடை எதிலும் இந்த வேலைக்குக் ‘கோட்டம் எடுக்கிறது’ என்றுதான் பெயர். “ரிம்மு கோட்டமா ஓடுதுண்ணே, எடுத்துக் குடு” என்றால் போதும், கடைக்காரர் வேறு கேள்வி கேட்கமாட்டார். இருக்கிற சொல்லை விட்டுப் புதிதாக ஒன்று செய்வானேன்?

‘நேராக்கம்’ வேறொரு வேலையைச் சொல்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். பின்சக்கரத்தைச் செயினுக்கு நேராக நிறுத்துவது அலைன்மென்ட். ரிம்மில் எடைக்கட்டி ஒட்டிக் கனத்தைச் சமன்செய்வது பேலன்சிங். ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் ரிம்மை ஒரே தளத்தில், ஒரே வட்டமாக ஓடவைப்பதுதான் ட்ரூயிங். ‘சக்கர நேராக்கம்’ என்று படிப்பவர் முதலாவதைத்தான் நினைப்பார். செயின் அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டிருப்பார்.

கரடுமுரடான பாதைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 2016இல் வந்த ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் பைக்குக்கு முன்னால் 21 அங்குலம், பின்னால் 17 அங்குலம், இரண்டுமே கம்பிச் சக்கரம். அலாய் வீல் கல்லில் பலமாக மோதினால் விரிசல் விடலாம், பிறகு வழியில் ஒன்றும் செய்வதற்கில்லை. கம்பிச் சக்கரம் கொஞ்சம் வளைந்துகொடுக்கும்; கோட்டம் விழுந்தாலும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து எடுத்துவிடலாம். (கம்பியை ரிம்மில் பிடித்துவைக்கும் திருகு நிப்பிள்; அதன் துளை வழியே காற்று போகும் என்பதால் பெரும்பாலான கம்பிச் சக்கரங்களுக்கு ட்யூப் போட்டாகவேண்டும் என்பது வேறு தலைவலி.)

கையேட்டுக்கான செய்முறையையும் எழுதிவிட்டேன், சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா பாருங்கள்:

“கோட்டம் எடுக்குமுன் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும். பேரிங் தேய்ந்திருந்தாலும் கோட்டம்போலத்தான் தெரியும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கிவைத்து, ஃபோர்க்கில் ஒரு கேபிள் டை கட்டி, அதன் முனை ரிம்மை உரசாமல் ஒட்டினாற்போல் நிற்கட்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றி, முனை தொடும் இடத்தில் சாக்பீஸால் குறிக்கவும். ரிம் இடப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்து வலப்பக்கக் கம்பியை இறுக்கி, இடப்பக்கக் கம்பியைத் தளர்த்தவும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பல கைநூல்கள் 2 மில்லிமீட்டர் வரை கோட்டத்தை அனுமதிக்கின்றன.”

‘நேராக்கத்துக்கு முன்’ என்று இதில் போட்டுப் படித்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்காக இன்னொரு வரியும் சேர்க்க ஆசை. காசிமேடு, எண்ணூர் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் நிப்பிள் துருவேறிக் கம்பியோடு ஒட்டிப்போகும். கிளம்பும் நாள் காலையில் நிப்பிள் சாவி (நிப்பிளைத் திருகும் சின்ன ஸ்பேனர்) போட்டால் நிப்பிள் முனை மழுங்குவதோடு சரி. முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைக்கவேண்டும். ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பதும் அப்போதே. ‘டிங்’ என்றால் சரி, ‘டொக்’ என்றால் தளர்ந்திருக்கிறது.

– தண்டையார்பேட்டையிலிருந்து

*

தம்பிக்கு,

நன்று. நன்னூலும் உங்கள் பக்கம்தான் பேசுகிறது: தச்சனின் நூல் மரத்தின் ‘கனக்கோட்டம்’ தீர்ப்பதுபோல் ஏட்டு நூல் மாந்தரின் ‘மனக்கோட்டம்’ தீர்க்கும் என்கிறது. எனவே ‘கோட்டம் தீர்த்தல்’ என்று வைத்தால் மரபும் வரும். ‘எடுத்தல்’ என்றால் கோட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்வதுபோல் இருக்கிறது. இரண்டாவது, கோட்டம் என்பதற்குக் கோயில், நாட்டுப்பிரிவு என்றும் பொருளுண்டே? உங்கள் வடசென்னையே ஒரு காலத்தில் புழற்கோட்டம்தான். மூன்றாவது, ரிம் மேலும் கீழுமாக ஓடும் குறைக்கு என்ன சொல்? ‘ஆரக்கோட்டம்’ சரிவருமா?

– திருவொற்றியூரிலிருந்து

*

ஐயா,

‘தீர்த்தல்’ அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாத்திரக்கடையில் ஒடுக்கு எடுக்கிறோம், தலையில் சிக்கு எடுக்கிறோம். இந்த ‘எடுத்தல்’ நீக்குவதுதான் என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஒடுக்குக்கும் கோட்டத்துக்கும் வேறுபாடு சொல்ல இது உதவவும் செய்யும். கல்லில் மோதி ரிம் விளிம்பு நசுங்கினால் அது ஒடுக்கு. கம்பியைத் திருகி அதை எடுக்கமுடியாது, எடுக்கப் பார்த்தால் நல்ல கம்பிகளும் இழுபட்டுக் கெடும். பெயர்ச்சொல் வேண்டுமிடத்தில் ‘கோட்டமெடுப்பு’.

புழற்கோட்டத்துக்கும் ரிம் கோட்டத்துக்கும் குழப்பம் வராது, நிப்பிள் சாவியோடு யாரும் புழலுக்குப் போகப்போவதில்லை.

‘ஆரக்கோட்டம்’ எனக்கு ஒப்பவில்லை. ஆரம் வட்டத்தின் ரேடியஸும்தான், சக்கரக் கம்பியும்தான்; கம்பியே வளைந்துவிட்டது என்று படிப்பார்கள். அப்படி ஓடும் சக்கரத்தை ‘எகிறுது’ என்றுதானே சொல்கிறோம்? ‘எகிறல்’ என்றே வைப்போம். செய்முறையிலும் இரண்டையும் பிரித்தே எழுதவேண்டியிருக்கிறது: எகிறலுக்கு அந்த இடத்தில் இருபக்கக் கம்பிகளையும் சேர்த்து இறுக்கவேண்டும், கோட்டத்துக்கு ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்தவேண்டும். முதலில் எகிறலைக் குறைத்துவிட்டுக் கோட்டத்துக்கு வந்தால் வேலை சுலபம்.

மறுப்பில்லையென்றால் பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: கோட்டம், எகிறல், கோட்டமெடுப்பு. ‘நேராக்கம்’ அலைன்மென்ட்டுக்கே போகட்டும்.