புதுப்பிப்பு: ஜப்பானில் சக ஊழியர் வீட்டுத் துக்கமும் கிறிஸ்தவரும்

முந்தைய பதிவில், துக்க வீட்டுப் பண உறையில் "கோரெய்சென்" (ஆவியின் முன்) என்று எழுதினால் எந்த மதத்தாருக்கும் பொருந்தும் என்றிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். ஜோதோ ஷின்ஷூ என்ற பிரிவுப் பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை. இறந்தவர் உடனே புத்தராகிறார், ஆவியாக நிற்பதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. பௌத்தரில் எந்தப் பிரிவு என்று தெரியாதபோது "கோகோதென்" (தூபக் காணிக்கை) என்று எழுதுங்கள். தாமரை அச்சிட்ட உறை பௌத்தருக்கு மட்டும். படமில்லாத வெள்ளை உறை எங்கும் செல்லும். சக ஊழியர் என்றால் 5,000 யென் வழக்கம். புது நோட்டானால் ஒரு மடிப்பு மடித்து வையுங்கள்.

துக்கச் சடங்கில் கிறிஸ்தவர் தூபம் போடலாமா என்று பலர் கேட்டீர்கள். கத்தோலிக்கருக்குத் தடையில்லை, ஜப்பானிய ஆயர்களின் 1985 வழிகாட்டுதல் அதை மரியாதையாகவே பார்க்கிறது. புராட்டஸ்டன்ட் சபையினர் பலர் தவிர்ப்பார்கள். அதற்காக இருக்கையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். இறந்தவரை அவமதித்ததாகக் குடும்பத்தார் எடுத்துக்கொள்ளக்கூடும். வரிசையில் போய், குடும்பத்தாருக்கு வணங்கி, இறந்தவர் படத்தின் முன் சில நொடி மௌனமாக ஜெபித்து, மறுபடி தலை வணங்கித் திரும்புங்கள். சிறிய அறையில் தூபத்தட்டு கைமாறி வரும். இரு கையாலும் வாங்கி, தலை தாழ்த்தி, அடுத்தவரிடம் கொடுங்கள். தூபம் போடமாட்டீர்கள் என்பதைத் துறைத் தலைவரிடம் முந்தின நாளே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவைப்பது மிக முக்கியம்.

துக்கத்தோடு தொடர்பில்லாத இன்னொன்று: குடியிருப்போர் சங்கச் சந்தாவோடு, ஜப்பானின் மரபு மதமான ஷின்தோவின் கோயில் பணமும் சேர்ந்து வந்தால், அதை மட்டும் பிரித்துத் தரச் சொல்லலாம். தோசு நகர வழக்கில் சாகா மாவட்ட நீதிமன்றம் 2002இல் அப்படிச் சேர்த்து வசூலிப்பது சட்டவிரோதம் என்றது. ஆனால் சங்கத்தார் சேர்ந்து தெருச் சுத்தம் செய்யும் நாளுக்குத் தவறாமல் போங்கள்.