வங்கி நேர்முகத் தேர்வு: இந்த இரண்டு கேள்விகளுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. என் தங்கை வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ மெயின்ஸில் (முதன்மை எழுத்துத் தேர்வில்) தேறி, நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறாள். இதற்கு 100 மதிப்பெண். இறுதிப் பட்டியலுக்கு மெயின்ஸும் நேர்முகமும் 80:20 விகிதம். இருபதுதானே என்று விட முடியாது. இதில் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்காவிட்டால் மெயின்ஸில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை.

ரெப்போ விகிதம், சிஆர்ஆர், 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை என வங்கித் துறை பற்றிக் கேட்டால், இதெல்லாம் மளமளவென்று சொல்லிவிடுவாள். திணறுவது தன்னைப் பற்றிய கேள்விகளில்தான்.

"இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏன் வங்கி?" என்றால், "வேலைப் பாதுகாப்பு சார்" என்கிறாள். உண்மைதான், ஆனால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம், படிப்பு முடிந்தபின் வந்த இடைவெளி. அம்மாவுக்கு டயாலிசிஸ். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது அவள்தான். வீட்டில் நான் கேட்டுப் பார்க்கும்போது, இந்த இடத்தில் குரல் இறங்கிவிடுகிறது. "பர்சனல் ரீசன்ஸ்" என்று முடித்துவிடுகிறாள். அப்படி மூடி மறைத்தால்தான் இன்னும் துருவுவார்கள் என்பது என் எண்ணம். காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்தச் சமயத்தில் தேர்வுக்குப் படித்ததையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். அனுதாபம் தேடுவதாக நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறாள்.

வங்கியில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள்? வார இறுதியில் ஜூமில் ஒருமுறை மாதிரி நேர்காணல் எடுக்க முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.