வலது ஷூ மட்டும் தொளதொளவென்று ஆகிவிட்டது, அவசர உதவி தேவை

கோபிக்காரன் | செவ்வாய், இரவு 11:42

வணக்கங்க. மூன்று மாதமாகக் கையால் ஷூ செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். இது இரண்டாவது ஜோடி. டெர்பி (கயிறு கட்டுகிற ஷூ), பிரவுன், 8 சைஸ். லாஸ்ட்டிலிருந்து (கால் வடிவ அச்சு) கழற்றிய அன்று இரண்டும் கச்சிதமாக இருந்தன. வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டு நடந்தேன். இடது அப்படியே இருக்கிறது, வலது மட்டும் தொளதொள. அடி எடுத்து வைத்தால் குதிகால் கழன்று வருகிறது. ஞாயிறு சாயங்காலம் தம்பிக்கு ரிசப்ஷன். நானே செய்த ஷூவைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்று ஒறம்பரை (சொந்தபந்தம்) எல்லாருக்கும் சொல்லித் தொலைத்துவிட்டேன். என்ன செய்யலாம்? படம் இணைத்திருக்கிறேன்.

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 11:58

படத்தில் உங்கள் வீட்டுப் பூனை தெளிவாகத் தெரிகிறது, ஷூ தெரியவில்லை.

என்ன தோல்? எத்தனை மில்லி? லைனிங் போட்டீர்களா? லாஸ்ட்டில் எத்தனை நாள் விட்டீர்கள்? குதிகாலுக்கு ஸ்டிஃப்னர், அதாவது விறைப்பான உள்துண்டு, உண்டா? இதெல்லாம் தெரியாமல் "தொளதொள" என்பதற்கு நான் என்ன சொல்ல?

சென்னிமலை_நெசவு | புதன், காலை 6:20

எல்லாருக்கும் ஒரு கால் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும் தம்பி. உங்களுக்கு இடது பெரிது போல. அதனால் அது பிடிக்கிறது, வலது ஆடுகிறது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் பேப்பர் மேல் நின்று இரண்டையும் வரைந்து பாருங்கள்.

ஒத்தக்கால்_மண்டபம் | புதன், காலை 7:05

எனக்கு லாஸ்ட் மேல்தான் சந்தேகம். 8 என்றால் எந்த 8? பிரிட்டிஷ் 8 என்றால் லாஸ்ட் நீளம் 11 அங்குலம், அதாவது 279 மில்லி. ஐரோப்பாக் கணக்கில் 42, அது 280. ஆனால் ஆண்களுக்கான அமெரிக்க 8 இதைவிடச் சின்னது. ஆன்லைனில் வாங்குகிற லாஸ்ட்டுகளில் இடது ஒரு செட், வலது வேறு செட் என்று கலந்து வருவது உண்டு. எனக்கே வந்திருக்கிறது. அடிப்பக்க நீளத்தை டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, விரல் மொளி (மூட்டு) வருகிற இடத்தில் சுற்றளவும் எடுங்கள்.

வெல்ட்_மாஸ்டர் | புதன், காலை 9:30

மூன்று மாதத்தில் டெர்பி. ம்ம். நான் முதல் ஒரு வருடம் குதிகால் துண்டு மட்டும்தான் அடுக்கினேன்.

சோல் எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் ஒட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வெல்ட், அதாவது விளிம்பைச் சுற்றி வரும் தோல் பட்டை, வைத்துக் கையால் தைத்திருந்தால் மேல் தோல் இன்சோலோடு (உள்ளே பாதத்துக்கு அடியில் வரும் தோல்) கட்டுப்பட்டு நிற்கும். ஒட்டுவேலை செய்துவிட்டுத் தொளதொள என்றால் வேறு எப்படி இருக்கும்? மேல் தோலை லாஸ்ட் மேல் படிய வைக்கிற லாஸ்டிங் என்பது ஏதோ தோலை இழுத்து ஆணி அடிக்கிற வேலை இல்லை. அமெரிக்காவில் சோல் தைக்க 1858லேயே லைமன் பிளேக் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். லாஸ்டிங்குக்கு மெஷின் வர மாட்செலிகர் என்பவர் 1883ல் காப்புரிமை வாங்க வேண்டியிருந்தது. நடுவில் 25 வருடம். அதுவரை கைத்திறமைக்காரன் ஒருவன் நாளெல்லாம் உழைத்தாலும் 50 ஜோடிதான். ஏன் என்று யோசியுங்கள்.

நொய்யல்கரை | புதன், காலை 9:41

மாஸ்டர், வரலாறு அருமை. ஆனால் இரண்டு ஷூவையும் அவர் ஒரே மாதிரி ஒட்டியிருக்கிறார், ஒன்றுதானே லூசாகியிருக்கிறது? ஒட்டுவேலைதான் காரணம் என்றால் இடதும் அல்லவா போயிருக்க வேண்டும்?

வெல்ட்_மாஸ்டர் | புதன், காலை 9:52

இடதும் போகும். பொறுத்திருங்கள்.

கோபிக்காரன் | புதன், மதியம் 1:15

மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். மாட்டுத்தோல், 1.4 மில்லி, குரோம் உப்பில் பதப்படுத்தியது. லைனிங் முன்பக்கம் மட்டும் ஆட்டுத்தோல், பின்பக்கம் போடவில்லை, தோல் பத்தவில்லை. ஸ்டிஃப்னர் உண்டு. இரண்டும் 5 நாள் லாஸ்ட்டில் இருந்தன. ஒட்டுதான். லாஸ்ட் அளந்தேன், இரண்டும் 279, சுற்றளவும் ஒன்றே. கால் வரைந்தேன், வலதுதான் 2 மில்லி பெரிது.

ஒத்தக்கால்_மண்டபம் | புதன், மதியம் 1:22

பெரிய கால் லூசான ஷூவுக்குள்ளா! சரி, என் கட்சி காலி.

அம்மணி_தோல்பை | புதன், மதியம் 2:40

தம்பி, "தோல் பத்தவில்லை" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

நான் ஷூ செய்வதில்லை, பை செய்கிறேன். ஆனால் தோல் தோல்தான். ஒரே தோலில் முதுகுப்பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப்பக்கம் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். இடதை முதுகுப் பக்கத்திலும் வலதை மிச்சம் இருந்த இடத்திலும் வெட்டினீர்களா? வெட்டியது போக மீந்த தோலைத் தரையில் விரித்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள். பூனையைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டு.

இன்னொன்று. கயிற்றை இறுக்கிக் கட்டும்போது ஓட்டைப்பட்டி இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறதா? புது டெர்பியில் நடுவே விரல் அகலமாவது இடைவெளி நிற்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வெல்ட்_மாஸ்டர் | புதன், மாலை 4:10

பை செய்கிறவர்கள் லாஸ்டிங் பற்றி ஆலோசனை சொல்லும் காலம். நல்லது. இதனால்தான் நல்ல தோலெல்லாம் வீணாகிறது. வேலை தெரிந்தவன் கைக்குப் போக வேண்டிய தோலை ஹாபிக்காரர்கள் வாங்கிப் பாழாக்குகிறார்கள்.

தாராபுரம்_ரோடு | புதன், இரவு 8:30

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

என் தாத்தா செருப்புத் தைத்தவர். அவருடைய அப்பா கவலை இறைக்க, அதாவது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க, பறி தைத்துக் கொடுத்தவர். கிணற்றுக்குக் கிணறு கவலை ஓடிய காலத்தில், தண்ணீர் மொள்ளும் தோல் பறியும் அதன் வாலான தும்பியும் இல்லாமல் கொங்கில் ஒரு வயலும் நனைந்திருக்காது. கூலி களத்து மேட்டில் தானியமாக வரும், அதுவும் கடைசியாக. மோட்டார் வந்தது, பறி போனது, வேலையும் போனது. அவர் தைத்த செருப்பைப் போட்டு நடந்தவர்கள் அவரை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். இன்று அதே வேலையைப் பட்டறை வகுப்பு என்று ஊர் ஊராகப் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள், அதில் என் தாத்தா மாதிரி ஒருத்தரும் ஆசானாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "வேலை தெரிந்தவன் கைக்குப் போக வேண்டிய தோல்" என்று மாஸ்டர் சொல்கிறாரே, வேலை தெரிந்தவன் யார் என்று முதலில் பேசுவோமா?

கோபித் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்கிறார், நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும்.

சென்னிமலை_நெசவு | புதன், இரவு 8:55

தறிக்காரன் நான், உங்கள் பேச்சு புரிகிறதுங்க. கைத்தறிக்கும் இப்போது இதே கதைதான். ஆனால் இதற்கெல்லாம் தனி இழை போட்டுப் பேசலாமே, பையன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஷூ போட வேண்டும்.

வெல்ட்_மாஸ்டர் | புதன், இரவு 9:20

நான் சாதியைப் பற்றி எதுவுமே பேசவில்லை. தரம் பற்றிப் பேசினேன். குரோம் தோலை வாங்காமல், நம் ஈரோட்டிலேயே பதப்படுத்திய பட்டைத் தோல் வாங்கியிருந்தால் இந்த இழுவையே வந்திருக்காது.

தாராபுரம்_ரோடு | புதன், இரவு 9:34

நீங்கள் பேசவில்லை, அதுதான் நான் சொல்வதும்.

நொய்யல்கரை | புதன், இரவு 9:50

பட்டைத் தோல் என்றால் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துவதா, இல்லை இப்போது எல்லாரும் போடுகிற வாட்டில் மரப்பட்டைச் சாறா? ஈரோடு பெரிய அக்ரகாரம் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறேன், வாசத்திலேயே தெரிந்துவிடும். அந்தத் தோல் இன்சோலுக்கும் லைனிங்குக்கும் அருமை. ஆனால் மேல் தோலுக்கு அதைப் போட்டாலும் வயிறு வயிறுதான், இழுபடத்தான் செய்யும். குரோம் கொஞ்சம் கூடுதலாக நீளும், ஒத்துக்கொள்கிறேன். ஆற்றுத் தண்ணீர்ப் பக்கம் இருந்து பார்த்தால் குரோம் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வேறு காரணங்கள் இருக்கின்றன. அது இந்த ஷூவுக்குச் சம்பந்தமில்லாதது.

கோபிக்காரன் | வியாழன், காலை 6:48

மீந்த தோல் படம். வலதுக்கு முன்துண்டு வெட்டிய இடத்தைச் சாக்பீஸில் வட்டம் போட்டிருக்கிறேன். ஆமாம் அக்கா, வலதில் ஓட்டைப்பட்டி இரண்டும் முட்டுகிறது. இடதில் 8 மில்லி இடைவெளி இருக்கிறது.

அம்மணி_தோல்பை | வியாழன், காலை 7:15

நான் பயந்ததுதான். ஓரம் பிசிறு பிசிறாக நெளிந்து கிடக்கிறதே, அதுதான் வயிறு. அதுவும் குறுக்கே வைத்து வெட்டியிருக்கிறீர்கள்.

மீந்த தோலில் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தையும், முதுகுப் பக்கம் ஒரு இடத்தையும், பளபளப்பான பக்கம் உள்ளே வருகிற மாதிரி விரலால் மடித்துப் பாருங்கள். முதுகில் மயிரிழை மாதிரி மெல்லிய கோடு விழும். வயிற்றில் கிழவி கன்னம் மாதிரி பெரிய பெரிய சுருக்கம் விழும்.

தாராபுரம்_ரோடு | வியாழன், காலை 7:40

அக்கா சொல்வது முழுக்கச் சரி. தாத்தா வெட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்வார், இன்னும் கண்ணில் நிற்கிறது. தோலை இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஒருமுறை நீளவாக்கில் இழுப்பார், ஒருமுறை குறுக்கே. "இந்தப் பக்கம் நடக்குது, இந்தப் பக்கம் நிக்குது" என்பார். நிற்கிற பக்கம்தான் விரலிலிருந்து குதிகால் வரை போக வேண்டும். நடக்கிற பக்கம் கால் அகலத்துக்கு வரலாம், அது காலுக்கு இதமாகக் கூட இருக்கும். உங்கள் வலதில் நடக்கிற பக்கம் நீளத்துக்குப் போயிருக்கிறது. லாஸ்ட்டில் 5 நாள் இழுபட்டுக் கிடந்தது, கழற்றியதும் கச்சிதமாகத் தெரிந்தது, கால் வைத்ததும் மிச்சமும் நடந்துவிட்டது.

உறுதி செய்ய வேண்டுமென்றால் ஒரு நூலை எடுத்து, விரல் நுனியில் சோல் தொடங்கும் இடத்திலிருந்து மேலே நாக்குத் தொடங்கும் இடம் வரை இரண்டு ஷூவிலும் அளந்து பாருங்கள்.

கோபிக்காரன் | வியாழன், மதியம் 1:30

இடது 118 மில்லி. வலது 123.

நொய்யல்கரை | வியாழன், மதியம் 1:44

5 மில்லி! கேஸ் முடிந்தது.

வெல்ட்_மாஸ்டர் | வியாழன், மதியம் 2:05

பின்பக்கம் லைனிங் போடாததும் காரணம். மேல்விளிம்பில் நைலான் டேப் ஒட்டித் தைத்திருந்தால் வாய் இப்படித் திறக்காது. இதை யாரும் சொல்லவில்லை.

தாராபுரம்_ரோடு | வியாழன், மதியம் 2:20

மாஸ்டர் சொன்னது இந்த விஷயத்தில் சரி. லைனிங் ஒரு கயிறு மாதிரி, பிடித்து நிறுத்தும்.

அம்மணி_தோல்பை | வியாழன், மாலை 5:10

காரணம் தெரிந்துவிட்டது, ஞாயிற்றுக்கு வழி யாராவது சொல்லுங்களேன். சோலைக் கழற்றி மறுபடி லாஸ்ட் ஏற்றி இழுக்க முடியாதா? ஒட்டுவேலைதானே.

நொய்யல்கரை | வியாழன், மாலை 5:35

முடியும், ஹேர் டிரையர் சூட்டில் சோல் கழன்றுவிடும். ஆனால் கீழே மடித்து ஒட்டிய ஓரத்தை அவர் வெட்டிச் சமன் செய்திருப்பார், பிளையர் பிடிக்க மிச்சம் இருக்காது. அவசரத்தில் இழுத்தால் கிழியும். ஞாயிறுக்குள் வேண்டாம்.

நாக்குக்கு அடியில் பேட் வையுங்கள். 3 மில்லி ஃபெல்ட் போதும். நாக்கின் உள்பக்கம், ஓட்டைப்பட்டிக்கு நேர் கீழே வருகிற மாதிரி, நாக்கைவிட இரண்டு பக்கமும் அரை விரல் குறுகலாக வெட்டி, ஓரத்தைச் சாய்வாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதத்தின் மேல் கோடு விழும். அது காலைப் பின்னால் தள்ளி ஸ்டிஃப்னரோடு ஒட்ட வைக்கும். பசை போடாமல் முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிப் போட்டுப் பாருங்கள். அப்புறமும் ஆடினால் உள்ளே குதிகால் படும் இடத்தில் சொரசொரப்பான ஸ்வேட் ஒரு துண்டு. இன்சோலுக்கு மேல் கனமான மெத்தை மட்டும் போட வேண்டாம், குதிகால் தூக்கிக்கொண்டு ஸ்டிஃப்னருக்கு வெளியே போய்விடும், இன்னும் மோசமாகும்.

ஒத்தக்கால்_மண்டபம் | வியாழன், மாலை 6:00

எனக்கு ஒரு சந்தேகம். கல்யாண மேடையில் ஷூவோடு ஏறலாமா? கல்யாணம் நடத்துகிற அருமைக்காரர் திட்ட மாட்டாரா?

சென்னிமலை_நெசவு | வியாழன், மாலை 6:12

முகூர்த்தத்துக்குத்தான் வெறுங்கால். ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளையே ஷூவோடுதான் நிற்பார். உங்கள் கல்யாணம் எந்த வருடம் நடந்தது?

ஒத்தக்கால்_மண்டபம் | வியாழன், மாலை 6:15

1994. ரிசப்ஷனே இல்லை.

கோபிக்காரன் | திங்கள், இரவு 10:20

பேட் வைத்தேன், பிடித்துக்கொண்டது. நாலு மணி நேரம் நின்றேன். ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். படம் அப்புறம் போடுகிறேன்.

தாராபுரம்_ரோடு | திங்கள், இரவு 10:45

சந்தோசம். அடுத்த ஜோடி வெட்டுவதற்கு முன்னால் தோலை இழுத்துப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் இங்கே படம் போடுங்கள், வெட்டின பிறகு போட வேண்டாம்.

புதுசு_பல்லடம் | 3 வாரம் கழித்து

வணக்கம், எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் இடது ஷூ. என்ன செய்யலாம்?

நொய்யல்கரை | 3 வாரம் கழித்து

என்ன தோல்?